ஒருபொழுதுக்கு ஒரு செயலி

திருப்பனந்தாள் பக்கம் அமாவாசை, கிருத்திகை, ஏகாதசி என்று ஒருபொழுது இருப்பவர்களுக்கு என்றும் பஞ்சமில்லை. இப்போது அதே காரியத்தைக் கைப்பேசிச் செயலி 16:8 என்று மணியடித்துச் சொல்கிறது: 16 மணி நேரம் வயிற்றைக் காயப்போடு, மிச்சமுள்ள 8 மணி நேரத்துக்குள் சாப்பிட்டு முடி.

பழைய விரதத்தில் ஒரு சௌகரியம் இருந்தது. சோறுதான் தள்ளுபடி, ராத்திரிப் பலகாரத்துக்குத் தடையில்லை. இட்லி, அடை, ரவா உப்புமா எல்லாம் விரதத்தின் பெயரால் இலைக்கு வந்துவிடும். செயலிக்கு அந்தத் தாட்சண்யம் கிடையாது. விடியற்காலை டிகிரி காபியில் பாலும் சர்க்கரையும் சேர்ந்தால் விரதம் அங்கேயே முடிந்தது என்கிறது. டெல்டாவில் இதைச் சொல்லத் தனித் துணிச்சல் வேண்டும்!

பலன்? 2022-ல் வெளிவந்த சீன ஆய்வொன்று உடல் பருமனுள்ள 139 பேரை ஓராண்டு கவனித்தது. எல்லோருக்கும் கலோரியைக் குறைத்தார்கள். ஒரு பிரிவினருக்கு மட்டும் காலை 8 முதல் மாலை 4 வரைதான் சாப்பாடு. இரு தரப்புக்கும் எடை குறைந்தது, சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசமில்லை. சர்க்கரை நோய்க்கு இன்சுலின் போடுபவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இறங்கினால் மயக்கம்தான் மிச்சம்.

பட்டினி என்றதும் திருப்பனந்தாளில் நினைவுக்கு வரும் கதை ஒன்று உண்டு. இவ்வூர்க் கோயிலில் சாய்ந்த லிங்கத்தைத் தன் கழுத்தில் கயிறு பூட்டி நிமிர்த்தியவர் குங்கிலியக்கலய நாயனார். நெல் வாங்க மனைவி கழற்றித் தந்த தாலிக்குக் குங்கிலியம் வாங்கிவிட்டு, குடும்பத்தையே பட்டினி போட்டவர். விரத ஆர்வலர்கள் அவசரப்பட்டு உற்சாகம் கொள்ள வேண்டாம். பெரியபுராணக் கணக்குப்படி, லிங்கம் நிமிர்ந்தது அவர் வீட்டில் நெல்லும் பொன்னும் நிறைந்த பிறகு.