அழுக்கதிகாரம்

காரின் மேல் சேரும் அழுக்கு மூவகைப்படும்: அமர்வன, ஒட்டுவன, தின்பன. அழுக்கு அழுக்குதானே, இதில் வகை எதற்கு எனின், ஒன்றைப் போக்கும் வழி மற்றொன்றை முற்றச் செய்யும் ஆதலால் என்க.

அமர்வன தூசியும் மணலும். தண்ணீர் ஊற்றினாலே இறங்கிவிடும் சாதுக்கள். ஆயினும் காரின் நிறத்துக்கு மேலே கிளியர் கோட் என்றொரு நிறமற்ற படலம் உண்டு. அதன் கனம் பெரும்பாலும் 40, 50 மைக்ரான்தான். தலைமயிரின் பருமன்கூட இராது. மணலோ அதைவிடக் கடினம். காய்ந்த தூசிமேல் காய்ந்த துணியை இழுத்தால் ஒவ்வொரு மணலும் ஒரு கோடு போடும். நண்பகலில் பானெட்டின் மேல் சிலந்தி வலைபோல் மின்னுபவை இக்கோடுகளே. எனவே தூசிக்கு இதில் பழியில்லை, பழியெல்லாம் துடைப்பவர்க்கே.

துடைப்போர் நால்வர். விடியலில் வந்து ஒரே வாளித் தண்ணீரில் அடுக்குமாடியின் கார்கள் அனைத்தையும் துடைப்பவர் முதல்வர். இவரிடம் முதல் காருக்கு நடப்பது குளியல், கடைசி காருக்கு நடப்பது உப்புத்தாள் தேய்ப்பு. (அவரை நோகலாகாது, மாதச் சம்பளத்தில் நூறு ரூபாய் குறைக்கச் சொன்னவர்கள் நாம்.) ஆபீஸ் அவசரத்தில் பழைய பனியனால் ஓர் இழுப்பு இழுப்பவர் இரண்டாமவர். பாத்திரம் கழுவும் திரவத்தைக் கொட்டிப் பளபளப்பு வந்ததென்று மகிழ்பவர் மூன்றாமவர். குழம்புச் சட்டியின் பிசுக்கைப் போக்குவது காரின் வாக்ஸை மட்டும் விட்டுவைக்குமா? நான்காமவர் இரு வாளியர். ஒரு வாளியில் கார் ஷாம்பூ, மற்றதில் துணியை அலச வெறுந்தண்ணீர். மேலிருந்து கீழே வருவார். சக்கரத்துக்குத் தனித் துணி வைத்திருப்பார். இவர் அரிதாகவே காணப்படுவார். வீட்டார் இவரை வேறு பெயரால் அழைப்பர்.

ஒட்டுவன மரப்பிசின், தார், நெடுஞ்சாலைப் பூச்சி, பிரேக்கிலிருந்து பறக்கும் இரும்புத்துகள் முதலியன. தாருக்குத் துணியில் சிறிது மண்ணெண்ணெய், உடனே ஷாம்பூ. இரும்புத்துகள் கண்ணுக்குத் தெரியாது. கழுவிய காரின்மேல் கையை மெல்லிய பாலிதீன் பைக்குள் விட்டுத் தடவினால் சொரசொரக்கும். அதற்கு கிளே பார் என்னும் களிக்கட்டி உண்டு.

தின்பனவற்றுள் தலையாயது காக்கை எச்சம். அதன் அமிலம் பாதி வேலையைச் செய்ய, மீதியை வெயில் செய்கிறது. சூட்டில் இளகி விரியும் கிளியர் கோட், மாலையில் சுருங்கும்போது காய்ந்த எச்சத்தின் வடிவத்தை அச்சாகப் பிடித்துக்கொள்ளும். நனைத்த துணியைச் சில நிமிடம் அதன்மேல் போர்த்தி, ஊறியபின் தூக்கி எடுக்க, தேய்க்கற்க.

அடுத்தது போர் தண்ணீர். இதை அழுக்கில் சேர்க்கலாமோ எனின், சேர்க்கலாம். வெயிலில் கழுவினால் நீர் ஆவியாகும். அதிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் வெள்ளை வட்டங்களாய்த் தங்கும். நிழலில் கழுவி, நீர் உலருமுன் மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றுக. மாடி மழைநீரைத் தொட்டியில் பிடிப்போர் கடைசி அலசலுக்கு அதையே கொள்க, அது மென்னீர்.

இனிக் காப்பு. பிரேசில் நாட்டுக் கார்னௌபா பனையோலையின் மெழுகு சில வாரம் நிற்கும், செயற்கை சீலண்ட் சில மாதம், செராமிக் கோட்டிங் சில ஆண்டு. பாலிஷையும் காப்பென்பாரும் உளர். அது பொருந்தாது, பாலிஷ் கோடுகளை மறைப்பது படலத்தைச் சீவித்தான்.

ஆயுத பூசையன்று பானெட்டில் பூசிய சந்தனம் காய்ந்தபின் நகத்தால் சுரண்டுவோர்க்கு ஒரு விண்ணப்பம்: அடுத்த ஆண்டு பொட்டை முன்கண்ணாடியில் வையுங்கள். கண்ணாடி தாங்கும்.