தலை தட்டினா 15, குவிச்சா 18

அன்புள்ள நைனாவுக்கு,

இங்க கனடாவோட சஸ்காட்செவன்ல மைனஸ் 30 டிகிரி. தண்டையார்பேட்டை ஐஸ் கம்பெனிக்குள்ள குடித்தனம் வெச்ச மாதிரி இருக்கு. பாஸ் நல்ல மனுஷன்தான். அவங்க மாகாணம் 1905-லயே உருவாச்சுன்னு ரொம்பப் பெருமையா சொன்னாரு. எங்க ராயபுரம் ஸ்டேஷன்ல 1856-லயே ரயில் கிளம்பிடுச்சு சார்னு சொன்னேன். அன்னிக்கு எனக்கு டீ கொடுக்கல.

வந்த மொதல் வாரமே டிராக்டர் லோடரைக் காட்டி, "இந்த பக்கெட் எத்தனை யார்டு?"ன்னு கேட்டாரு. யார்டுன்னா எனக்குத் தெரிஞ்சது ரெண்டுதான்: நீ கரி அள்ளின ஹார்பர் யார்டு, அப்புறம் கொருக்குப்பேட்டை ரயில் யார்டு. பக்கெட்டுக்குள்ள எப்படி யார்டு இருக்கும்னு முழிச்சேன். மூணடி நீளம், மூணடி அகலம், மூணடி உயரம், ஆக 27 கன அடிதான் இவங்க யார்டாம். நம்ம மணல் லாரிக்காரன் 100 கன அடியை ஒரு யூனிட்டுன்னு சொல்றான் இல்ல, அந்த மாதிரி.

பக்கெட்ல எழுதியிருந்தது எல்லாம் தேஞ்சு போச்சு. ஒரு அட்டைப்பெட்டியைக் கிழிச்சு பக்கெட்டோட பக்கவாட்டுல வெச்சு வரைஞ்சேன். கட்டம் போட்டு எண்ணினா ரெண்டரை சதுர அடி. அகலம் ஆறடி. பெருக்கினா 15 கன அடி. "இது தலை தட்டின கணக்கு, குவிச்சா எவ்ளோ?"ன்னாரு பாஸ். அம்மா அரிசிக் கடையில தலை தட்டாம அளக்கச் சொல்லி போடுற சண்டைதான் ஞாபகம் வந்துச்சு. இங்க அதுக்கும் ஒரு விதி வெச்சிருக்கான்: குவியலோட சரிவு ரெண்டடி போனா ஓரடி ஏறணும். அப்படிப் போட்டா 18 கிட்ட வருது. முக்கா யார்டு கூட இல்ல. நம்ம யூனிட்ல அஞ்சுல ஒரு பங்கு கூடத் தேறாது.

அளவு தெரிஞ்சா போதும்னு நெனச்சேன். அதுலதான் மாட்டிக்கிட்டேன். அதே பக்கெட் நிறைய புதுப்பனி அள்ளினா சுமார் 50 கிலோதான், என் எடை கூட வராது. கோதுமைன்னா 400 கிலோ. ஈர மணல்னா ஒரு டன்னை நெருங்கிடும். நான் பனி அள்ளின கையோட அதே தெம்புல ஈர மணலைக் குவிச்சு, மேல வேற தூக்கிட்டேன். பின் சக்கரம் ரெண்டும் தரையை விட்டு எழுந்துச்சு பாரு, சரியான முன்பாரம்! பின்பாரம் ஏறி நுகத்தடி மேல போனா அதுல தொங்குவானே மாட்டுவண்டிக்காரன், அவன் மாதிரி ஆயிட்டேன். மெதுவா இறக்கி, பாதியைக் கொட்டின பிறகுதான் மூச்சு வந்துச்சு. 2011-ல ஹார்பர்ல கரி நிக்கிற வரைக்கும் நீ குவியலைக் கண்ணால பாத்தே டன் சொல்லுவியே, அது சும்மா இல்ல நைனா.

இன்னொரு பேஜார். தினம் காலைல வண்டி ஸ்டார்ட் ஆவும், கியர் போட்டதும் நின்னுடும். பாஸ் ஏறி குந்தினா ஜோரா ஓடும். எனக்கு ஓட்டத் தெரியலன்னு அவர் முடிவே பண்ணிட்டாரு. மதியத்துக்கு மேல எனக்கும் ஓடும். காலைல மட்டும் என்ன கிராக்கி?

சீட்டுக்கு அடில ஒரு ஸ்விட்ச் இருக்கு. ஆள் குந்தினா சேரும், எழுந்தா விட்டுடும், கியர்ல இருக்கிற வண்டி நின்னுடும். நம்ம ஊர் மெக்கானிக்கா இருந்தா ரெண்டு ஒயரையும் முறுக்கி "டைரக்ட்" கொடுத்துட்டுப் போயிருப்பான். எனக்கும் கை துறுதுறுன்னுச்சு. ஆனா ஆள் இறங்கினதும் வண்டி அவர் மேலயே ஏறிடக் கூடாதுன்னுதானே அதை வெச்சிருக்கான்? அதனால சீட்டைக் கழட்டி, ஸ்விட்சோட பிளக்கையும் உருவி, இணைப்பு சேர்ந்தா பீப் அடிக்கிற மீட்டரை அதோட ரெண்டு பின்லயும் வெச்சு, ஸ்விட்சைக் கட்டை விரலால அமுக்கினேன். பீப்! ஸ்விட்ச் நல்லா இருக்கு. பிளக்கோட பின்ல களிம்பு இருக்கான்னு பாத்தேன், திருவொற்றியூர்ல உப்புக் காத்துக்குப் பச்சையா பூக்குமே, அது. ஒண்ணும் இல்ல. சீட்டை மாட்டி நானே ஏறி குந்தினேன். மீட்டர் கம்முனு இருக்கு. பாஸை குந்தச் சொன்னேன். பீப்!

விஷயம் இதுதான் நைனா: ராத்திரி குளிர்ல சீட்டுக்குள்ள இருக்கிற ஃபோம் பலகை மாதிரி விறைச்சுடுது. பாஸ் 110 கிலோ, அவர் குந்தினா பலகையும் அமுங்கும். நான் 58. எனக்கு அமுங்கல. ஹீட்டர் போட்டு மதியம் அது இளகினதும் என்னையும் ஆள்னு ஒத்துக்குது.

புது சீட் வர ரெண்டு வாரம் ஆகுமாம். அதுவரைக்கும் ராத்திரி சீட்டைக் கழட்டி ரூமுக்குக் கொண்டு வந்துடறேன். இப்ப என் கட்டிலுக்குப் பக்கத்துல ஹீட்டர்ல குளிர் காயுது.

இந்த லெட்டரை அம்மாவுக்கு வாசிச்சுக் காட்டும்போது அந்த 58 கிலோ பாராவை மட்டும் தாண்டிடு. போன வாரம்தான் போன்ல 65-ன்னு சொல்லி வெச்சிருக்கேன்.

இப்படிக்கு,
உன் மவன்