பொறி பறக்காத ரயில்

அந்த ரயிலில் அப்போதெல்லாம் கண்ணுக்குக் கண்ணாடி போடாமல் தலையை வெளியே நீட்ட முடியாது. அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், டுராங்கோவிலிருந்து சில்வர்ட்டனுக்கு அனிமாஸ் ஆற்றை ஒட்டியே மலையேறும் நீராவி ரயில். தண்டவாளங்களுக்கு இடையே மூன்றடிதான் அகலம். 2000-களின் தொடக்கத்தில் அம்மாவோடு அதன் திறந்த பெட்டியில் போனேன். ஏற்றம் வரும்போதெல்லாம் கரித்துகள் தலையில் கொட்டியது. அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். மூக்கை மட்டும் மூடவில்லை. "நான் சின்னப் புள்ளையா இருந்தப்போ மெட்ராஸ் ரயில்ல இதே வாசனைதான்டா" என்றாள். ஊர் நினைவு வந்துவிட்டால் அவளுக்குக் குளிர்கூடத் தெரியாது.

1923-லும் 1925-லும் கட்டிய எஞ்சின்கள் அவை. போய்த் திரும்ப ஏறத்தாழ ஆறு டன் நிலக்கரி வேண்டியிருந்தது. அத்தனையையும் ஒரே ஆள் மண்வாரியால் அள்ளி அடுப்பில் போடுவார். சரிவு கூடக் கூட எஞ்சின் மூச்சைப் பலமாக விடும். அந்த இழுப்பில் எரிந்துகொண்டிருக்கும் கரித்துணுக்குகளும் புகையோடு மேலே போய்விடும். மூச்சு எவ்வளவு கம்பீரமோ அவ்வளவு பொறி. அதனால்தான் கோடையில் ரயிலுக்குப் பின்னால் தண்ணீரோடு ஒரு சின்ன வண்டி அதே தண்டவாளத்தில் வரும், புல்லில் விழுந்ததை அணைக்க.

ராக்வுட் நிலையத்தைத் தாண்டியதும் வருகிற இடத்துக்காகவே இந்த ரயிலில் எத்தனை முறை வேண்டுமானாலும் ஏறலாம். ஒரு பக்கம் வெடிவைத்துக் குடைந்த கருங்கல் சுவர், கை நீட்டினால் தொட்டுவிடலாம். மறுபக்கம் எதுவுமே இல்லை. நானூறு அடிக்குக் கீழே ஆறு, பச்சையா நீலமா என்று சொல்ல முடியாத நிறத்தில் பாறைகளுக்குள் நெருக்கியடித்துக்கொண்டு போகிறது. ரயில் ஊர்ந்து வளையும்போது நம் பெட்டியிலிருந்தே எஞ்சின் முழுவதும் தெரியும். இந்தப் பாதையை டென்வர் அண்ட் ரியோ கிராண்ட் நிறுவனம் 1881 இலையுதிர் காலத்தில் தொடங்கி, நடுவில் ஒரு மலைக் குளிர்காலத்தையும் கடந்து, 1882 ஜூலையில் சில்வர்ட்டன் வரை கொண்டுபோய்ச் சேர்த்தது. 72 கிலோமீட்டர், 2,800 அடி ஏற்றம். ஆட்களின் கையுழைப்பால் ஆன வேலை அது. அங்கே உட்கார்ந்து பார்க்கும் யாருக்கும் அவர்களை நினைக்காமல் இருக்க முடியாது.

2018 ஜூன் முதல் தேதி டுராங்கோவுக்கு வடக்கே காடு பற்றிக்கொண்டது. 54 ஆயிரம் ஏக்கர் எரிந்தது. ரயில் வாரக்கணக்கில் ஓடவில்லை. மரம் போன சரிவில் மழை பெய்ததும் சேறு இறங்கிப் பாதையை மூடியது. ரயிலின் பொறியே காரணம் என்று மத்திய அரசு வழக்குப் போட்டது. 2022-இல் இரண்டு கோடி டாலர் தர ரயிலை நடத்தும் நிறுவனம் உடன்பட்டு வழக்கு முடிந்தது. எஞ்சின்கள் ஒவ்வொன்றாக எண்ணெய்க்கு மாறின.

இப்போது என் மகளோடு போனேன். கண்ணாடி தேவைப்படவில்லை. மண்வாரி பிடித்த கை வால்வைத் திருகுகிறது. எண்ணெய் நீராவியோடு பீய்ச்சப்பட்டு அடுப்பில் எரிகிறது. அம்மா முகர்ந்த அந்த வாசனை இல்லை. அவள் இருந்திருந்தால் தேடியிருப்பாள். ஆனால் அதே ஊதல், அதே மூச்சு, அதே கொதிகலன். நீலகிரி மலை ரயில் எஞ்சின்களையும் பொன்மலைப் பணிமனை இப்படித்தான் எண்ணெய்க்கு மாற்றியது. ஏறுகிற அழகு அங்கேயும் குறைந்துவிடவில்லை. ஒரு வாசனைக்காக ஒரு காட்டைப் பணயம் வைக்க வேண்டியதில்லை என்பதில் எனக்கு இரண்டு எண்ணம் கிடையாது.

ஆற்றின் கதை அவ்வளவு எளிதில் தீர்வதில்லை; அது சுரங்கங்களில் தொடங்குகிறது. இந்த மலைகள் யூட் பழங்குடியினருடையவை. தாது இருப்பது தெரிந்ததும் 1873-இல் ஒப்பந்தம் போட்டு அமெரிக்க அரசு அவர்களிடமிருந்து வாங்கிக்கொண்டது. அடுத்த ஒன்பது ஆண்டுகளில் வெள்ளியும் தங்கமும் கீழே இறக்க ரயில் வந்தது. சில்வர்ட்டனின் கடைசிப் பெரிய சுரங்கம் 1991-இல் மூடப்பட்டது. தாதுவை இறக்கிய அதே பாதை இன்று மலையைப் பார்க்க வருகிறவர்களை ஏற்றுகிறது. அந்தச் சின்ன ஊரின் பிழைப்பில் பெரும் பங்கு அதுதான். சுரங்கங்கள் மட்டும் கசிவதை நிறுத்தவில்லை. 2015 ஆகஸ்டில் கோல்டு கிங் சுரங்கத்தில் அரசின் சுற்றுச்சூழல் முகமை வேலை செய்துகொண்டிருந்தபோது அடைப்பு உடைந்து, முப்பது லட்சம் காலன் நச்சுநீர் பாய்ந்து, அனிமாஸ் கடுகு மஞ்சளாக ஓடியது.

சில்வர்ட்டனில் இறங்கியதும் மகளை சிமெண்ட் கிரீக் ஓடைக்கு நடத்திக் கூட்டிப்போனேன். அந்த நச்சுநீர் இறங்கிய வழி அது. இன்றும் கல்லெல்லாம் துருப்பிடித்த நிறம். மேலே கிளாட்ஸ்டோனில் 2015 முதல் சுரங்க நீருக்கான ஒரு சுத்திகரிப்பு ஆலை ஓடுவதைச் சொன்னேன்.

"எப்பப்பா நிறுத்துவாங்க?"

"சுரங்கத்துக்குள்ள தண்ணி ஊறுற வரைக்கும் ஓடியே ஆகணும்மா."