முன்னவர், பின்னவர்: அயல்நகரில் தம்பதியர் நடக்கும் இடைவெளி குறித்து ஓர் ஆய்வு

வெளிநாட்டுக்கு ஊர் பார்க்கப் போகும் தம்பதியரைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லாம் அவர்கள் எதைப் பார்த்தார்கள், எங்கே தங்கினார்கள், எவ்வளவு செலவழித்தார்கள் என்றே பேசுகிறார்கள். எப்படி நடந்தார்கள் என்று கேட்பாரில்லை. இது அறிவுலகின் பெருங்குறை. பாரிஸ் நகரில் சேன் ஆற்றுப் பாலம் ஒன்றின் மேல் அரை மணி நேரம் சும்மா நிற்கிற எவருக்கும் ஒரே காட்சி திரும்பத் திரும்பக் கிடைக்கும். ஒருவர் முன்னே போகிறார். இன்னொருவர் பின்னே வருகிறார். இருவரும் ஒரே அறையில் தங்கி, ஒரே தண்ணீர் பாட்டிலில் குடித்து, ஒரே பயணக் காப்பீட்டின் கீழ் வருபவர்கள். ஆனால் சேர்ந்து நடப்பதில்லை. முன்னே போகிறவரை முன்னவர் என்றும் பின்னே வருகிறவரைப் பின்னவர் என்றும் இக்கட்டுரை வழங்கும். இவர்களுக்கு இடைப்பட்ட தொலைவை அடிக்கணக்கில் சொல்வது வீண்வேலை. கூப்பிட்டால் கேட்கும், பேசினால் கேட்காது என்பதே அதன் இலக்கணம். இந்த இடைவெளி அன்புக் குறைவால் வருவது என்பது உலக வழக்கு. அது தவறு என்பதும், ஒரு நகரத்தை இரண்டு பேர் சேர்ந்து பார்த்து முடிப்பதற்கு இருக்கிற ஒரே முறை அதுதான் என்பதும் இங்கே நிறுவப்படும்.

பாரிஸை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. தம்பதியர் போகவேண்டிய ஊர் என்று உலகமே தீர்மானித்துவிட்ட ஊர் அது. அங்கேயே இடைவெளி விழுமானால் மற்ற ஊர்களைப் பற்றிக் கேட்கவேண்டியதில்லை. மேலும், பார்ப்பதற்கு அங்கே குவிந்து கிடப்பவை மனித ஆயுளைக் கொஞ்சமும் மதிக்காதவை. லூவர் அருங்காட்சியகத்தில் மட்டும் காட்சியில் இருப்பவை ஏறத்தாழ 35,000. ஒன்றுக்கு அரை நிமிடம் என்று வைத்தாலே 290 மணி நேரம் தாண்டும். நாளுக்கு ஒன்பது மணி நேரம், உட்காராமல், சாப்பிடாமல் பார்த்தால் 32 நாள் ஆகும். செவ்வாய்க்கிழமைகளில் லூவர் திறப்பதில்லை என்பதால் இன்னும் நான்கைந்து நாள் கூட்டிக்கொள்ளலாம். தம்பதியர் கையில் இருப்பதோ நான்கு நாள். அதற்குள்ளும் ஒரு செவ்வாய் வந்து விழும். திங்களன்று போகலாம் என்றால் அன்றைக்கு ஆர்சே அருங்காட்சியகம் மூடியிருக்கும். இத்தனை நெருக்கடியில் இருவரும் ஒரே பொருளை ஒரே நேரத்தில் பார்த்துக்கொண்டு நிற்பது ஊதாரித்தனம். ஆகவே யாரும் பேசி முடிவு செய்யாமலேயே ஒரு வேலைப் பிரிவினை ஏற்பட்டுவிடுகிறது. முன்னவர் அடுத்த இடத்தைப் பார்க்கிறார்: அது எத்தனை மணிக்கு மூடும், வரிசை எந்தப் பக்கம் தொடங்குகிறது, டிக்கெட்டில் போட்டிருக்கிற நேரத்துக்கு இன்னும் எவ்வளவு இருக்கிறது. பின்னவர் இந்த இடத்தைப் பார்க்கிறார்: சன்னல் தொட்டியில் பூ, பூவுக்குப் பக்கத்தில் பூனை. முன்னவர் போய்க்கொண்டே இருக்கிறார், எதையும் பார்ப்பதில்லை. பின்னவர் பார்த்துக்கொண்டே இருக்கிறார், விட்டால் எங்கும் போய்ச் சேரமாட்டார். இருவரையும் கூட்டினால்தான் ஒரு முழுப் பயணி தேறுவார்.

இதற்குத் தலையாய சான்று லூவரிலேயே சுவரில் தொங்குகிறது. மோனா லிசா 77 செ.மீ. உயரம், 53 செ.மீ. அகலம். படத்துக்கு முன்னால் கண்ணாடி, கண்ணாடிக்கு முன்னால் தடுப்பு, தடுப்புக்கு முன்னால் தூக்கிப் பிடித்த கைகள். முன்னவர் அந்தக் கூட்டத்துக்குள் புகுந்து, கைபேசியை உயர்த்திப் படமெடுத்து, கடமை முடிந்தவராக வெளியே வந்துவிடுவார். பின்னவர் கூட்டத்தின் விளிம்பிலேயே தங்கிவிடுவார். முன்னால் பிடரிகள் மட்டுமே தெரிவதால் திரும்பி எதிர்ச்சுவரைப் பார்ப்பார். அங்கே இருப்பது வெரோனீஸே 1563இல் முடித்த ‘கானாவூர்க் கல்யாணம்’. ஏறத்தாழ பத்து மீட்டர் அகலம், ஏழு மீட்டருக்குச் சற்றே குறைந்த உயரம். லூவரின் ஓவியங்களில் மிகப் பெரியது. நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் நிறைந்த கல்யாண விருந்து அது. மணமக்கள் எங்கே என்று தேடினால், தங்கள் கல்யாணத்திலேயே பந்தியின் இடக்கோடியில் ஒதுங்கி உட்கார்ந்திருக்கிறார்கள். முன்னவர் இதைக் காண்பதில்லை. இவ்வளவு பெரிய கல்யாணத்துக்கு முதுகைக் காட்டி நின்று, இன்னொருவர் மனைவியைப் படமெடுத்துக்கொண்டு போகிறார். லிசா, பிளாரன்ஸ் நகரத்துப் பட்டு வணிகர் பிரான்செஸ்கோ தெல் ஜோகொண்டோவின் மனைவி என்பது அறிஞர் பெரும்பாலோர் ஏற்றுக்கொண்ட கருத்து. கணவர் படத்தில் இல்லை. இதற்குப் பெரிய விளக்கம் எதுவும் தேடவேண்டியதில்லை. அவர் முன்னே போயிருக்கிறார். முன்னவர்களின் இயல்பைக் காட்ட இன்னொரு செய்தியும் உண்டு. 1911 ஆகஸ்டில் இந்த ஓவியம் திருடுபோனபோது, அது மாட்டியிருந்த வெற்றுச் சுவரைப் பார்ப்பதற்கென்றே மக்கள் திரண்டு வந்தார்கள். அப்படி வந்தவர்கள் அத்தனை பேரும் முன்னவர்கள் என்று துணிந்து சொல்லலாம். அந்த இடத்துக்குப் போய்வந்தாயிற்று என்பதே அவர்களுக்குப் போதும். ஓவியம் ஊரில் இருந்தாக வேண்டும் என்கிற கட்டாயம் இல்லை.

இடைவெளி கால் நீளத்தால் வருவது எனின், அன்று. கால் நீளம் காலையிலும் மாலையிலும் ஒன்றே. ஆனால் பகல் முழுதும் பின்தங்கி வந்தவர், பொதுக் கழிப்பறைக்கு வழிகாட்டும் பலகையைக் கண்ட கணத்தில் முன்னவராகிவிடுவதை யாரும் சோதித்துப் பார்த்துக்கொள்ளலாம். கணவன் முன்னே, மனைவி பின்னே என்ற பழைய வழக்கத்தின் எச்சமே இது எனின், அதுவும் பொருந்தாது. இன்றைக்கு முன்னே நடப்பவர் கைபேசியில் வரைபடம் வைத்திருப்பவர். வரைபடம் யாரிடம் என்பது டிக்கெட்டுகளைப் பதிவு செய்தவர் யார் என்பதைப் பொறுத்தது. பதிவு செய்தவர் யார் என்பது ஆறு மாதத்துக்கு முன்னால் ஊரில் யாருக்குப் பொறுமை முதலில் தீர்ந்தது என்பதைப் பொறுத்தது. பால் வேறுபாடு இந்தச் சங்கிலியில் எங்கும் நுழையவில்லை. கைபேசிக்கு முந்திய காலத்திலும் நிலைமை இதுதான். சிவப்பு அட்டை போட்ட பெடேக்கர் வழிகாட்டி நூல் யார் கையில் இருந்ததோ அவர் முன்னே போனார். 1855ஆம் ஆண்டுப் பொருட்காட்சிக்காகத் தாமஸ் குக் இங்கிலாந்திலிருந்து பாரிசுக்கு ஆட்களைக் கூட்டமாக அழைத்துப்போனபோது, அத்தனை பேருக்கும் சேர்த்து அவர் ஒருவரே முன்னவராக இருந்தார். இன்றைய வழிகாட்டிகள் தூக்கிப் பிடிக்கும் மடக்குக் குடை அந்த மரபில் வந்தது. குழுவாகப் போகும் தம்பதியர் சண்டையின்றித் திரும்புவதற்குக் காரணமும் இதுவே: அங்கே இருவருமே பின்னவர்கள்.

வலுவான மறுப்பு ஒன்று இருக்கிறது. அதைச் சற்று நின்று கவனிக்கவேண்டும். பயணத்திலிருந்து திரும்பியவர்கள் காட்டும் படங்களில் இந்த இடைவெளியே காணோம். ஈபிள் கோபுரத்தின் முன் தோளோடு தோள். நோத்ர்தாம் முன் தலையோடு தலை. நூறு ஆண்டு கழித்து இந்தப் படங்களை மட்டும் வைத்து வரலாறு எழுதுகிறவர், அக்காலத்துத் தம்பதியர் ஒட்டிக்கொண்டேதான் நகர்ந்தார்கள் என்று எழுதிவிடுவார். ஆவணச் சான்றை ஆராயாமல் நம்பினால் இப்படித்தான் ஆகும். அந்தப் படம் எப்படி உண்டாகிறது? முன்னவர் கோபுரத்தின் எதிரில் வந்து சேர்ந்து, திரும்பிப் பார்த்து, கையசைத்து, காத்திருந்து, பின்னவர் வந்ததும் இருவரும் கோபுரத்துக்கு முதுகைக் காட்டி நின்று, வழியே போகிற மூன்றாவது ஆள் ஒருவரிடம் கைபேசியை நீட்டுகிறார்கள். படத்தில் உள்ள நெருக்கம் இடைவெளி மூடிய அந்தச் சில நொடிகளுக்கு மட்டும் உரியது. படமெடுத்தவருக்கு நன்றி சொல்லி முடிப்பதற்குள் முன்னவர் கிளம்பிவிடுவார். நம்பத் தகுந்த ஆவணம் வேறு வகை. ஒருவர் மட்டும் தனியாக நிற்கும் படங்கள், ‘நீ இதில் எங்கே?’ என்று உறவினர் கேட்கும் படங்கள், இவற்றில்தான் உண்மை பதிந்திருக்கிறது. நிற்பவருக்கும் எடுப்பவருக்கும் நடுவே உள்ள தரை முழுவதும் படத்தில் விழுந்திருக்கும். ஆய்வாளர் தேடும் இடைவெளி அதுவே.

இதை அளந்து பார்க்க ஏற்ற களம் மோன்மார்த்ர் குன்றில் இருக்கிறது. அபெஸ் மெட்ரோ நிலையம் பாரிஸ் நிலையங்களிலேயே ஆழமானது, தரைக்குக் கீழே 36 மீட்டர். மேலே வர மின்தூக்கி உண்டு. சுவரெல்லாம் ஓவியம் தீட்டிய சுழற்படியும் உண்டு. மின்தூக்கியில் கூட்டம் என்று ஒருவர் படியேறத் தொடங்குவார். மற்றவர், கூட்டமானாலும் காத்திருப்போம் என்று நின்றுவிடுவார். இருவரும் வெவ்வேறு நேரத்தில், வெவ்வேறு அளவு மூச்சுவாங்கலோடு, மேலே வந்து சேரும் சதுக்கத்தில் ஒரு சுவர் இருக்கிறது. 612 ஓடுகள் பதித்து, ‘உன்னை நேசிக்கிறேன்’ என்பதை 250 மொழிகளில், 311 முறை எழுதிவைத்த சுவர். அந்தச் சுவரின் முன்னால் நின்று, ‘படியில் வரச் சொன்னது யார்?’ என்று கேட்கும் குரலைக் கேட்கக் கொஞ்ச நேரம் காத்திருந்தால் போதும்.

கைகோத்து நடக்கும் தம்பதியர் இல்லையா என்பார்க்கு விடை: உளர். ஆனால் அவர்கள் ஊர் பார்க்கவில்லை, ஒருவரையொருவர் பார்க்கிறார்கள். அதை உள்ளூரிலேயே செலவில்லாமல் செய்யலாம். இவ்வகையினர் ஒரு நகரத்துக்கு என்ன செய்வார்கள் என்பதற்கும் பாரிசே சான்று. போன்தேசார் நடைபாலத்தின் கம்பித் தடுப்பில் பெயர் எழுதிய பூட்டைப் பூட்டிச் சாவியை ஆற்றில் எறிவது அவர்கள் வழக்கமாயிற்று. 2014 ஜூனில் சுமை தாங்காமல் தடுப்பின் ஒரு பகுதி சரிந்தது. அடுத்த ஆண்டு நகராட்சி அத்தனை பூட்டையும் அகற்றியபோது எடை ஏறத்தாழ 45 டன் வந்தது. பிரியவே மாட்டோம் என்றவர்கள் ஒரு பாலத்தையே ஆட்டிவிட்டார்கள். பத்தடி விட்டு நடந்தவர்களால் பாரிசில் எந்தக் கட்டுமானமும் சேதமானதில்லை.

நம் முன்னோர் இதை அறிந்திருந்தார்கள் என்றே தோன்றுகிறது. தலைவனும் தலைவியும் சேர்ந்தே ஊரைவிட்டுப் போகும் உடன்போக்கை அவர்கள் எந்தத் திணையில் வைத்தார்கள்? புணர்தலுக்குரிய குறிஞ்சியில் அன்று, பிரிவுக்குரிய பாலையில். உரையாசிரியர்கள் இதற்கு வேறு சமாதானம் சொல்வார்கள். இருவரும் வெயிலில் நெடுந்தூரம் நடக்கும்போது என்ன நிகழும் என்று அறிந்தே வைத்தார்கள் என்று கொள்வதில் இழுக்கொன்றும் இல்லை. சிலம்பின் நாடுகாண் காதையில், புகாரை விட்டுச் சற்றுத் தூரமே வந்த கண்ணகி மதுரை எங்கே என்று கேட்கிறாள். முப்பது காதம் இருக்கும்போதே அது பக்கம்தான் என்கிறான் கோவலன். முன்னவர் மொழி அன்றைக்கே முழு வளர்ச்சி அடைந்திருந்தது.

அப்படியானால் இருவரும் தனித்தனியாகவே போயிருக்கலாமே என்பது கடைசித் தடை. போகலாம், ஆனால் இரவுச் சாப்பாட்டின்போது பேசுவதற்கு ஒன்றும் இருக்காது. ஒரே தெருவில் ஒரே திசையில் நடந்த இருவரில் ஒருவர், ‘அந்தப் பழைய புத்தகப் பெட்டிக்காரரைப் பார்த்தாயா?’ என்று கேட்க, மற்றவர், ‘எந்தப் பெட்டி?’ என்று திகைக்கும் உரையாடல் இடைவெளியின் நேர்ப்பயன். எல்லாவற்றையும் ஒன்றாகவே பார்த்தவர்களுக்கு ஒருவர்க்கொருவர் சொல்ல ஏது செய்தி? நடைமுறைப் பயனும் உண்டு. கைபேசி காட்டும் வழியே நடப்பவர் மனத்தில் அந்த வழி சரியாகப் பதிவதில்லை. வெற்றி வளைவைச் சுற்றி 12 சாலைகள் பிரிகின்றன. இரவில் எல்லாம் ஒன்றுபோலத் தெரியும். அங்கே பேட்டரி தீர்ந்துபோனால், முன்னவரின் அறிவு அத்தோடு அணைந்துவிடும். தொட்டிப் பூவும் பூனையும் பார்த்து வந்தவருக்கே திரும்பும் வழி தெரியும். அப்போது இருவரும் இடம் மாறி நடக்கிறார்கள். இடைவெளி மட்டும் மாறுவதில்லை.

பெற்றோரையோ பிள்ளைகளையோ உடன் அழைத்துச் செல்வோர் இவ்வாய்வில் அடங்கார். மூவர் என்றதும் இடைவெளி இரண்டாகிவிடுகிறது. நடுவில் மாட்டிக்கொண்டவர் முன்னவருக்குப் பின்னவராகவும் பின்னவருக்கு முன்னவராகவும் இருந்து, ‘கொஞ்சம் நில்லுங்கள்’ என்று ஒரு பக்கமும் ‘சீக்கிரம் வாருங்கள்’ என்று மறுபக்கமும் கூவிக்கொண்டே போகவேண்டியவர். அவர் பாடு தனி நூலுக்கு உரியது.