இலக்கு ஓடுகிறது, கமிஷன் நிற்கிறது

கேள்வி: மென்பொருள் நிறுவனங்களின் விற்பனை ஊழியர்கள் மனம் வெறுப்பது ஏன்? பேசிய கமிஷன் வராவிட்டால் என்ன வழி?
– வாசகர், ஜாலான் புசார்

பதில்: இந்த வேலையில் சம்பளத்தின் ஒரு பகுதிதான் நிச்சயம், மீதி, விற்பனை இலக்கை எட்டினால். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இலக்கு முறையை வளர்த்தவர், அமெரிக்காவில் கல்லாப்பெட்டி இயந்திரம் விற்ற ஜான் பேட்டர்சன். அவரிடம் தொழில் கற்ற தாமஸ் வாட்சன் அதை ஐபிஎம்முக்குக் கொண்டுபோனார். ஆனால் பேட்டர்சன் ஒவ்வொருவருக்கும் தனி எல்லை வகுத்து, அதற்குள் நடந்த விற்பனைக்கெல்லாம் கமிஷன் தந்தார். பின்வந்த மேலாளர்கள் பலர் இலக்கை வைத்துக்கொண்டு எல்லையை விட்டுவிட்டார்கள். காலாண்டின் நடுவே இலக்கு ஏறும். பழுத்த வாடிக்கையாளர் வேறொருவர் கைக்குப் போவார். உழைப்பை விட இந்த அநீதிதான் ஊழியரை உடைக்கிறது.

சிங்கப்பூரில் 2019 ஏப்ரல் 1 முதல், சம்பள உச்சவரம்பு நீங்கி, மேலாளர்களும் நிர்வாகிகளும் வேலை நியமனச் சட்டத்துக்குள் வந்துவிட்டார்கள். வேலையில் சேர்ந்த 14 நாளுக்குள் முக்கிய நிபந்தனைகளை முதலாளி எழுத்தில் தரவேண்டும். ஊக்கத்தொகையும் அதில் அடங்கும். நிர்வாகம் விரும்பியபோது இலக்கை மாற்றலாம் என்ற வரி ஒப்பந்தத்தில் இருந்தால், கமிஷன் கோரும் வழக்கு பலவீனமாகும். கையெழுத்துக்கு முன் தேடவேண்டியது அந்த வரியைத்தான்.

ஒப்புக்கொண்ட கமிஷன் வராவிட்டால் முதலில் வேலையிடத் தகராறுகளைத் தீர்க்கும் முத்தரப்புக் கூட்டணியின் சமரசம், பிறகு வேலை நியமன உரிமைக்கோரல் நடுவர் மன்றம். கோரலின் உச்சவரம்பு 20,000 வெள்ளி. தொழிற்சங்கத்தின் துணையோடு முத்தரப்புச் சமரசத்துக்குப் போனால் 30,000. வேலையை விட்டவர் 6 மாதத்துக்குள் மனு செய்யவேண்டும்.