தூரமா?

எங்கள் தெருவில் ஒரு வீட்டுக் கேட்டும் கிறீச்சிடாது. பராமரிப்பில் இவ்வளவு அக்கறையா என்று வியக்க வேண்டாம். சத்தம் கேட்டால் யோசனை மாமா எட்டிப் பார்த்துவிடுவார் என்ற பயம்தான். கீலுக்குத் தேங்காய் எண்ணெய் விட்டால் தூசி சேர்ந்து பிசுக்காகும், சைக்கிள் கடையில் கொஞ்சம் கிரீஸ் வாங்கித் தடவுங்கள் என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்ததும் அவர்தான்.

நங்கநல்லூர், மேற்கு மாம்பலம், ஸ்ரீரங்கம், எந்த ஊரானாலும் தெருவுக்கு ஒருவர் இப்படி உண்டு. வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். எந்த ஆபீஸ் என்பதுதான் நிச்சயமில்லை. மின்வாரியம், ரயில்வே, ரேஷன், தாலுகா, எதைப் பற்றிப் பேசினாலும் அங்கேயே முப்பது வருஷம் குப்பை கொட்டியவர் மாதிரி இருக்கும். அரைக்கைச் சட்டைப் பையில் மூன்று பேனா. போஸ்ட் ஆபீஸ் பேனா எழுதாது, எழுதினால் கயிறு எட்டாது. கக்கத்தில் ஒரு மஞ்சள் பை. அதற்குள் இன்னொரு மஞ்சள் பை.

கிளம்புகிறவரை ‘எங்கே’ என்று கேட்கக் கூடாது என்ற சாஸ்திரம் தெரிந்தவர். அதனால் “தூரமா?” என்பார். “இல்ல மாமா, பேங்குக்கு” என்று வாய் தவறிச் சொல்லிவிட்டோமானால் முடிந்தது. அந்தக் காரியம் இனி நம்முடையது அல்ல.

“பேங்குக்கா? இன்னிக்கா? நாளைக்கு ரெண்டாவது சனிக்கிழமை, லீவு. ஊர்ல இருக்கிற அத்தனை பேரும் இன்னிக்குத்தான் போய் நிப்பான். திங்கக்கிழமையும் வேண்டாம். செவ்வாய்க்கிழமை பதினொன்றரைக்குப் போங்கோ. ஆதார் ஜெராக்ஸ் இருக்கா? ரெண்டா எடுத்துக்கோங்கோ. கையில இருந்தா கேக்க மாட்டான். இல்லேன்னா கேப்பான்.”

இதில் எங்கேயாவது ஒரு தப்பு இருந்தால் எவ்வளவு நிம்மதி! இருக்காது. அவரிடம் உள்ள ஒரே குறை அதுதான்.

எதிர்வீட்டு அம்மாள் அரிசி டப்பாவுக்கு அடியில் ஒளித்து வைத்திருந்த 500 ரூபாய் நோட்டை எலி கடித்துவிட்டது. மாமா கட்டம் போட்ட தாள் ஒன்றைக் கொண்டுவந்தார். நோட்டை அதன்மேல் விரித்து, எலி தின்ற கட்டங்களை எண்ணத் தொடங்கினார். 50 ரூபாயும் அதற்கு மேற்பட்டதுமான நோட்டில் ஒரே துண்டாக 80 சதவீதத்துக்கு மேல் மிஞ்சியிருந்தால் முழுப் பணம், 40 முதல் 80 வரை என்றால் பாதி, அதற்கும் கீழே போனால் ஒன்றுமில்லை என்பது ரிசர்வ் வங்கி விதி. கடைசிக் கட்டத்தை எண்ணி முடித்து, “எலி நியாயஸ்தன். பதினொண்ணோட நிறுத்திண்டுட்டான்” என்று தீர்ப்புச் சொன்னார். வங்கியில் முழுசாகக் கொடுத்துவிட்டார்கள். அன்றிலிருந்து அந்த அம்மாள் எலிப்பொறி வைப்பதென்றால்கூட அவரிடம் நாள் கேட்டுத்தான் வைக்கிறார்.

கோடை வந்தால் அவர் பார்வை மீட்டர் பெட்டிகளின் பக்கம் திரும்பும். இரண்டு மாதக் கணக்கில் 500 யூனிட்டை ஒரு யூனிட் தாண்டினாலும், 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளின் மலிவு விலை பறிபோய்விடும். அந்த ஒரு யூனிட்டுக்கு இருநூறு சொச்சம் அழ வேண்டும். மாடி வீட்டுப் புதுமணத் தம்பதிக்கு 493இல் இதைக் கண்டுபிடித்துச் சொன்னார். ரீடிங் எடுக்க வருகிறவர் வருவதற்கு இன்னும் இரண்டு ராத்திரி பாக்கி. கத்திரி வெயில் காலத்தில் அந்த இரண்டு ராத்திரியும் இருவரும் மொட்டை மாடியில் விசிறியோடு உட்கார்ந்திருந்தார்கள். மாமாவும் துணைக்குப் போய் உட்கார்ந்துகொண்டார், கொசுவை விரட்ட நொச்சி இலைப் புகை எப்படிப் போடுவது என்று சொல்லிக்கொண்டு.

கேஸ் சிலிண்டர் கொண்டுவரும் தம்பிக்கு அவரைக் கண்டால் ஆகாது. மேல் வளையத்தைத் தாங்கும் பட்டையின் உள்பக்கம் குனிந்து, ‘பி’ என்று போட்டு வருஷம் போட்டிருந்தால் ஏப்ரல் முதல் ஜூனுக்குள் அந்த உருளைக்குச் சோதனைக் கெடு என்று பாடம் நடத்துவார். பிறகு தராசு. காலி எடை இவ்வளவு, எரிவாயு 14.2 கிலோ, கூட்டிப் பார் என்பார். இப்போதெல்லாம் அந்தத் தம்பி தெருமுனையிலிருந்தே போன் போட்டு, “மாமா வெளியே போயிட்டாரா?” என்று விசாரித்துவிட்டுத்தான் வண்டியைத் திருப்புகிறான்.

அவரை ஒருவர்தான் மடக்கியிருக்கிறார். ஸ்டாண்டில் ஆட்டோக்காரரிடம் மாமா, “2013ல கவர்ன்மென்ட் போட்ட ரேட், முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய்” என்று எடுத்துவிட்டார். ஆட்டோக்காரர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அப்ப நீங்க 2013லயே ஏறியிருக்கணும் சார்” என்றார். மாமா நடந்தே வந்தார். நடந்ததில் எவ்வளவு மிச்சம் என்றும் சொன்னார்.

இத்தனை தெரிந்தவர் வீட்டில் காரியங்கள் எப்படி நடக்கின்றன? மாமி நடத்துகிறார், சத்தமில்லாமல். போன வாரம் ரசம் அடுப்பில் ஏறுவதற்கு முன்பே, “நாலு வீடு தள்ளித்தானே கடை, ஒரு கட்டு கொத்தமல்லி வாங்கிண்டு வாங்கோ” என்று அனுப்பியிருக்கிறார். முதல் வீட்டில் குழாய் ஒழுகியது. இரண்டாவது வீட்டில் யாரோ தட்காலில் ஸ்லீப்பர் எடுக்கக் காலை பத்து மணிக்கே உட்கார்ந்திருந்தார்கள். ஏசிக்குத்தான் பத்து, ஸ்லீப்பருக்குப் பதினொன்று என்று சொல்லி, பதினொன்று வரை கூடவே இருந்தார். கடைக்குப் போனதும் அங்கே ஒரு பெண் வெண்டைக்காயை நுனி ஒடித்துப் பார்க்காமல் பையில் அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியுமா?

ரசம் நுரை கட்டியதும் மாமி போனை எடுத்து இரண்டு தட்டுத் தட்டினார். பத்து நிமிஷத்தில் ஒரு பையன் பைக்கில் வந்து இறங்கினான். வெறுங்கையோடு திரும்பிக்கொண்டிருந்த மாமா அவனைக் கேட்டருகே பிடித்துவிட்டார்.

“தம்பி, இந்தக் கட்டு என்ன விலை? முப்பதா? வேர்ல மண்ணே இல்லையே, நேத்துப் பறிச்சது. இதைப் போய் எந்த ஏமாளிப்பா வாங்கறான்?”

பையன் போனைப் பார்த்துக் கதவு எண்ணைப் படித்தான். மாமா கேட்டைப் பார்த்தார். உள்ளே ஜன்னலில் மாமியைப் பார்த்தார். பிறகு பையனிடம் திரும்பினார்.

“அது இருக்கட்டும். கொசுறு கறிவேப்பிலை எங்கே?”