பெட்டியில் மடித்து வைத்த சித்திரை

ஸ்ரீபெரும்புதூர் என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு நினைவு வருவது இரண்டு. ஒன்று, ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட 1991 மே 21 இரவு. மற்றது கார் கம்பெனி. இங்கேயே பிறந்து வளர்ந்த எங்களுக்கு ஊரின் வருஷம் சித்திரைத் திருவாதிரையில்தான் பிறக்கிறது. 1017இல் ராமானுஜர் பிறந்த நட்சத்திரம் அது. ஆதிகேசவப் பெருமாளுக்கும் உடையவரான ராமானுஜருக்கும் அடுத்தடுத்து உற்சவம் நடக்கும் அந்த வெயில் மாதத்தில், சின்ன வயதில் நாங்கள் வீட்டுக்குள் இருந்ததே குறைவு.

முழுப் பரீட்சை முடிந்திருக்கும். கட்டிக்கொடுத்த அத்தைகள் பிள்ளைகளோடு வந்து இறங்குவார்கள். வல்லம், ஒரகடம் பக்கத்து ஜனங்கள் மாட்டுவண்டி கட்டிக்கொண்டு வருவார்கள். நெல் அறுத்துக் கையில் நாலு காசு இருக்கும். மாடவீதியில் நீர்மோர்ப் பந்தலுக்கு அடுத்து பானகப் பந்தல். வெல்லமும் சுக்கும் ஏலக்காயும் கரைத்த அண்டாவின் அடியில் தங்கும் கசண்டுக்காகக் கடைசிவரை காத்து நிற்கும் பிள்ளைகளில் நானும் ஒருத்தி. பனை விசிறி, கண்ணாடி வளையல், சாயம் பூசிய மரச்செப்பு என்று கடைகள். வாங்கியது எதுவும் மிஞ்சவில்லை. வளையல் உடைந்தது, செப்பைக் கரையான் தின்றது. மிஞ்சியது அப்பா சேர்த்த காகிதம் மட்டும்தான்.

உற்சவப் பத்திரிகைகளைத்தான் சொல்கிறேன். ஒவ்வொரு வருஷமும் வீட்டுக்கு வந்ததை அப்பா தகரப் பெட்டியில் போட்டு வைத்தார். பழையவை ரோஸ் நிறத்திலும் மஞ்சளிலும் மெல்லிய தாள். ஈயெழுத்து அழுத்திய தடம் பின்பக்கம் விரலுக்குத் தட்டுப்படும். உச்சியில் தென்கலை நாமம், இருபுறமும் சங்கு சக்கரம். கீழே கட்டம் கட்டித் தேதி, காலைப் புறப்பாடு, மாலை வாகனம், கடைசிப் பத்தியில் உபயம். காஷாயத்தை விட்டு வெள்ளை உடுத்தி ராமானுஜர் எழுந்தருளும் வெள்ளைச் சாத்துப்படி வரிக்கு நேரே அப்பாவின் பென்சில் குறி இருக்கும். சோழன் ஆட்களிடமிருந்து தப்ப வெள்ளை உடுத்து மேற்கே மேல்கோட்டைச் சீமைக்குப் போன கதையை அவர் அந்தச் சேவைக்கு நிற்கும்போதுதான் சொல்வார், வருஷா வருஷம், முதல் தடவை சொல்வதுபோல. தாளின் முதுகில் பால் கணக்கு, வரட்டிக் கணக்கு. ஒரு வருஷத்தாளில் ஒரே வரி: ‘தேர் அன்று மழை. வடம் நனைந்தது.’

அப்பா போன பிறகு அவற்றை வரிசைப்படுத்தி அடுக்கியபோது என் கண் கடைசிப் பத்தியிலேயே நின்றது. எங்கள் ஊர் எப்படி இன்றைய ஊரானது என்பதை அந்த உபயப் பத்தி போல வேறெதுவும் சொல்லாது. எழுபதுகளில் அங்கே இருப்பவர்கள் நெல் மண்டிக்காரர், மளிகைக்காரர், மிராசு குடும்பங்கள். எண்பதுகளின் நடுவில் செங்கல் சூளையும் லாரியும் வருகின்றன. 1996இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய்க்கு அடிக்கல் விழுந்து, 1998இல் சான்ட்ரோ வெளியே வந்த பிறகு, நிலத் தரகர்களும் வேன் முதலாளிகளும் மண்டகப்படி எடுக்கிறார்கள். அதற்குப் பின் ஆள் அனுப்பும் கான்ட்ராக்டர், கேட்டரிங், மேன்ஷன். தொலைபேசி எண்ணும் கூடவே வளர்கிறது: முதலில் இரண்டு இலக்கம், பிறகு எஸ்டிடி குறியீட்டோடு, பிறகு பத்து இலக்க செல்பேசி. மண்டிக்காரர் குடும்பத்து வரி ஒரு வருஷம் அவர் பெயரில், அடுத்து ‘குமாரர்கள்’, அதற்கடுத்து சென்னை முகவரி, பிறகு காணோம்.

நோக்கியா காலமும் அதில் இருக்கிறது. 2006இல் தொழிற்சாலை தொடங்கியதும் ஊர் இரவில் தூங்குவதை விட்டது. பெண்பிள்ளைகளை ஏற்றிப்போக வேன் வாங்கியவர்கள் அடுத்த சித்திரைகளில் பூ அலங்காரமும் வாணவேடிக்கையும் ஏற்றார்கள். 2014 நவம்பர் 1 அன்று அது மூடப்பட்டது. 2015ஆம் வருஷத்துப் பத்திரிகையில் அந்த வரிகள் சில இல்லை. வேலை போனவர்களைப் பற்றிச் செய்தித்தாள் நிறைய எழுதியது. வேனுக்குத் தவணை கட்டிக்கொண்டிருந்த என் தெருக்காரரைப் பற்றி யாரும் எழுதவில்லை. அவர் வருஷா வருஷம் கொடுத்துவந்த மாலை உபயம் நின்றுபோனதைச் சொல்ல இந்தத் தாள் ஒன்றுதான் சாட்சி.

இப்போதும் தேர் ஓடுகிறது, கூட்டமும் குறையவில்லை. கூட்டத்தின் முகம்தான் மாறியிருக்கிறது. அன்று வண்டி கட்டிக்கொண்டு வந்த கிராமத்தார் இடத்தில், கழுத்தில் அடையாள அட்டையோடு நைட் ஷிப்ட் முடித்து நேரே வந்து நிற்கும் பிள்ளைகள். வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கும் பெண்கள் விடுதியை 2024 ஆகஸ்டில் திறந்தார்கள். எண்பதுகளில் அந்தப் பக்கம் சுற்றிலும் வயலும் ஏரியும்தான். சமீபத்தில் தேர் பார்த்துக்கொண்டு நின்றபோது பக்கத்தில் இருந்த பெண் கேட்டாள்:

“தேர் நிலைக்கு வர எவ்ளோ நேரமாகும்மா? ரெண்டு மணி பஸ்ஸ புடிக்கணும்.”

“முட்டுக்கட்டை போட்டுப் போட்டுத்தானே திருப்பணும், நேரமாகும்மா. எந்த ஊரு நீ?”

“திருவண்ணாமல. தீபத்துக்கு லீவு கெடைக்கல. அதான் இந்தத் தேரயாவது இழுத்துட்டுப் போலாம்னு வந்தேன்.”

வடத்தைப் பிடிக்க இடம் ஒதுக்கிக் கொடுத்தோம். அவளுக்கு முன்னால் ஒடிசாப் பையன்கள் சிலர், செருப்பைக் கழற்றி இடுப்பில் செருகிக்கொண்டு, வடத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றினார்கள். அவர்கள் பக்கம் ஜகந்நாதர் தேர் ஆனி, ஆடியில்தான். ராமானுஜர் பூரிக்கும் போய் வந்தார் என்று குருபரம்பரைக் கதைகள் சொல்கின்றன. அந்தப் பையன்களுக்கு அதைச் சொல்ல எனக்கு இந்தி வரவில்லை.

கம்பெனி பஸ்கள் ஓடும் பாதையே ராமானுஜர் வட்டாரம்தான். அவருக்கு வழிகாட்டிய திருக்கச்சி நம்பியின் ஊர் பூவிருந்தவல்லி. அவருடைய சீடர்களில் முதலியாண்டான் பிறந்தது நசரத்பேட்டை. எம்பார் பிறந்த மதுரமங்கலம் சுங்குவார்சத்திரத்துக்குப் பக்கத்தில். இன்னும் மேற்கே காஞ்சிபுரத்தை நெருங்கினால் கூரத்தாழ்வானின் கூரம். ஷிப்ட் பஸ்ஸில் அந்த ஊர்ப்பெயர்களைத் தினமும் கேட்டபடி தூங்கிவழியும் பிள்ளைகளுக்கு, சித்திரையில் ஒரு தடவையாவது இதை யாராவது சொல்ல வேண்டும். உற்சவப் பத்திரிகையின் பின்பக்கம் காலியாகத்தான் இருக்கிறது. நாலு வரியில் அச்சடித்தாலும் போதும்.

ஆயிரமாவது திருநட்சத்திரம் 2017 மே 1 அன்று வந்தது. தொழிலாளர் தினம், தொழிற்சாலைகளுக்கு விடுமுறை. ஊர் கொள்ளாத ஜனம். அன்றே டெல்லியில் பிரதமர் நினைவு அஞ்சல்தலை வெளியிட்டார். அதற்கு இரண்டு வருஷம் முன்பே கலைஞரின் வசனத்தில் ‘ராமானுஜர்’ தொலைக்காட்சித் தொடர் வந்துவிட்டது. 2022இல் ஹைதராபாத் அருகே முச்சிந்தலில் 216 அடிக்குச் சிலை எழுந்தது. அஞ்சல்தலை ஆல்பங்களில் பத்திரமாக இருக்கும், சிலைக்குக் காவல் உண்டு. எங்கள் சன்னதியில் இருக்கும் திருமேனியோ, அவர் வாழ்ந்த காலத்திலேயே செய்து, அவரே தழுவிக் கொடுத்ததாகச் சொல்லப்படும் ‘தானுகந்த திருமேனி’. ஆயிரம் வருஷத்தை நாங்கள் நன்றாகவே காப்பாற்றியிருக்கிறோம். கடைசி ஐம்பது வருஷத்தைத்தான் குப்பையில் போட்டுக்கொண்டிருக்கிறோம் என்பது எனக்குப் பொறுக்கவில்லை.

இப்போது நிகழ்ச்சி நிரல் முதலில் வாட்ஸ்அப்பில் வருகிறது. புதுப் போன் மாற்றினால் பழைய வருஷம் போயிற்று. உபயதாரர் படம் போட்ட ஃப்ளெக்ஸ் பேனரை உற்சவம் முடிந்த கையோடு கழற்றி மணல் குவியலுக்கும் ஆட்டோவுக்கும் மூடுகிறார்கள். பத்து வருஷம் கழித்து, 2024 சித்திரையில் தேருக்கு யார் பூ கொடுத்தார்கள் என்று கேட்டால் காட்ட ஒரு துண்டுத் தாள் இருக்காது. கல்வெட்டில் ஒரு விளக்குக்கு நெய் கொடுத்தவன் பெயரைக்கூட வெட்டி வைத்த மண்டலம் இது.

அதனால் நான் செய்துகொண்டிருப்பது இதுதான். பெட்டியில் உள்ளதை ஒவ்வொன்றாக ஸ்கேன் செய்து, மூலத்தை அமிலமில்லாத உறையில் போட்டு வைக்கிறேன். ஒரு செட்டை ஊர் நூலகத்துக்குக் கொடுக்க விருப்பம். வீதி உலாவே இல்லாமல் போன 2020க்கு ஒரு வெற்றுத்தாளை வைத்திருக்கிறேன். அந்த வருஷமும் வரிசையில் இருக்கட்டும். இன்னும் கிடைக்க வேண்டியவை உண்டு. எண்பதுகளில் இரண்டு மூன்று வருஷம் கரையான் அரித்துவிட்டது. 1992 முதல் 1995 வரை ஒன்றுகூட என்னிடம் இல்லை, வயல்கள் கைமாறத் தொடங்கிய வருஷங்களே அவைதான். காந்தி ரோட்டிலோ மாடவீதிகளிலோ, வீட்டை விற்றுவிட்டுத் தாம்பரம் பக்கம் போய்விட்ட எங்கள் ஊர்க்காரர்களிடமோ, பழைய கல்யாணப் பத்திரிகைக் கட்டுக்குள், பெருமாள் படத்துக்குப் பின்னால் செருகியபடி, அந்த நாலு வருஷத்துத் தாள் இருந்தால், தூசி தட்டக்கூட வேண்டாம், அப்படியே கொடுங்கள்.